கண்ணாடிக்காரிக்கு வந்த கோன்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் சுகம்தான், மழை வந்தால் அவள் முழங்கால் மட்டும் முனகும். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினாலே எங்களுக்குப் போதும்.

அந்த ஊர் மில்லில் உன் கையால் முதன்முதலாக ஓட்டிய நூல் என்று ஒரு கோன் சுற்றிக் கப்பலில் அனுப்பியிருந்தாய், பிரித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட இருந்த சீட்டைப் பார்த்தால், எங்கள் மில் சோதனை அறைக் கண்ணாடிக்காரியிடம் கொடுக்கவும் என்று இருக்கிறது. ஏனம்மா, கருப்பு அட்டையில் நூலைச் சுற்றிப் பார்த்தே தடிப்பு எங்கே மெலிவு எங்கே என்று சொல்லுகிறவன் வீட்டிலேயே இருக்கிறேனே. என் கண்ணைப் பார்க்கக் கப்பலேறி ஆட்கள் வந்தது ஊருக்கே தெரியும். வந்தது ஒரே ஆள், அவரும் வழி தவறி வந்தவர் என்று சித்தி சொல்லுவாள், நம்பாதே. மூக்குக்கண்ணாடி போட்ட அந்தப் பெண் நேற்று வந்தவள். இரண்டு தகட்டுக்கு நடுவே நூலை ஓடவிட்டு, மெஷின் கிறுக்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான் வேலை.

அதனால் முதலில் நானே அட்டையில் சுற்றிப் பார்த்தேன். பிறகு அவளுக்குத் தெரிய வேண்டாமென்று, பிரித்த நூலை என் வழக்கப்படி எச்சில் தொட்ட விரலால் இழுத்துப் பிடித்துக் கோனிலேயே சுற்றிக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மெஷினில் கோடு மலையும் பள்ளமுமாய்க் குதித்தது. "என்ன அண்ணே, உங்க பொண்ணு நூல் இடத்துக்கு இடம் தடிப்பா காட்டுதே" என்றாள். உன் பெயர் அல்லவா கெடுகிறது. மெஷின்தான் கெட்டுப்போச்சு என்று சண்டை பிடித்தேன். அவள் கோனைத் தொட்டுப் பார்த்து, "ஈரம் பட்டிருக்கு அண்ணே, ஈரத்தையும் இது தடிப்புன்னுதான் எடுத்துக்கும்" என்றாள். கப்பலில் நனைந்திருக்கும் என்றேன். "மேல் சுத்து மட்டும் நனையுற கப்பலா" என்று கேட்டுவிட்டு, அதைக் கழித்து உள்நூலை ஓட்டினாள். கோடு அலுங்காமல் போனது. "இவ்வளவு சீரான நூலை இந்த ரூம்ல நான் ஓட்டினதே இல்ல" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அதை அட்டையிலேயே கண்டவன் நான். வாயைத் திறந்தால் ஈரத்தின் கதை வெளியே வருமே, முதல் தடவை பார்க்கிறவன் போல நானும் எட்டிப் பார்த்தேன்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். உன் நூல் அருமை, அதை முதலில் பார்த்துச் சொன்னது உன் சித்தப்பாதான். தொழிலில் மேலே மேலே வந்து நீ நூறு வயது நன்றாயிரு. அவளுக்கு நன்றி எழுதுவதானால் என் கவருக்குள்ளேயே வைத்து அனுப்பு, படித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்.

உன்னை வளர்த்த
சித்தப்பா