ஸ்டார் ஒட்டிய ஆபீஸ்

எலப்புள்ளி
7.7.2025

அன்புள்ள ஷரீஃபாக்காவுக்கு,

தனபால் எழுதுவது. போனில் பேசலாம்தான், பியூன் ஆறுச்சாமி கதவோரம் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்கள் மாற்றலாகிக் குமுளிக்குப் போனதிலிருந்து நம் பள்ளி ஆபீஸ் படுத்துவிட்டது. ஊக்கப்படுத்தலாமே என்று, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல் சுவரில் சார்ட் மாட்டி, வேலைக்கு ஒரு ஸ்டார் ஒட்டினேன். கிளார்க் லோகேஷ் ஸ்டாருக்காக ஒரே கடிதத்தை மேலிடத்துக்கு நான்கு முறை அனுப்பிவிட்டார். "ஏனுங்க சார், அவனுக்கு ஆறு, எனக்கு ரெண்டுதானுங்களா?" என்று கேட்ட ஆறுச்சாமி, நாலு மணி பெல்லை மூன்றரைக்கே அடித்தார். வேலையைச் சீக்கிரம் முடித்தாராம்! ஒரு வழி சொல்லுங்கள், அக்கா.

தம்பி,
தனபால் (தலைமையாசிரியர்தான், இன்னும்)

குமுளி
12.7.2025

ஹெட்மாஸ்டர் சாருக்கு,

நல்லாப் பண்ணினீர்கள், போங்கள்! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அந்தச் சார்ட்டைக் கழற்றுங்கள். 'நீங்கள் இல்லாமல் எனக்கு முடியாது' என்று அந்த இரண்டு பேரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் வித்தை அவ்வளவுதான்.

இங்கே ஒரே மழை, குளிர். அங்கே என் வீட்டுக்காரர் ஜப்பார் கடையையும் அடுப்பையும் சேர்த்துப் பார்த்து இளைத்துப்போய்விட்டார். என் பழைய இடம் காலிதானே? ஆள் வேண்டும் என்று நீங்கள் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினால் ஊர் வந்து சேருவேன். மறந்துவிடாதீர்கள்.

ஷரீஃபா

எலப்புள்ளி
21.7.2025

அக்கா,

பலித்துவிட்டது! சொல்ல வெட்கமாக இருந்ததால் தாளில் எழுதி வாசித்தேன். ஆறுச்சாமி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காச்சலுங்களா சார்?" என்றார். தாளை மடித்துவிட்டு, "அண்ணா, நெசமாவே எனக்கு ஆபீஸ் வேல தெரியாதுங்க" என்றேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

இப்போது பெல் நேரத்துக்கு அடிக்கிறது. லோகேஷ் தேங்கிக் கிடந்த பைல்களை எல்லாம் முடித்துவிட்டார். மேலிடத்துக்கும் பெருமையாக எழுதிவிட்டேன்: இருவரே போதும், இன்னொரு ஆள் தேவையில்லை என்று. எல்லாம் உங்கள் புண்ணியம்!

தனபால்

குமுளி
25.7.2025

சாருக்கு,

உங்கள் தலையில் இடி விழ என்று எழுத வந்தது. ஹெட்மாஸ்டர் ஆச்சே என்று விட்டுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ஜப்பார் போனை வைத்துவிட்டார்.

பதினொரு வருஷம் அந்த ஆபீஸில் இருந்தேன். அவர்களிடம் சொன்னதை என்னிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா? நானும் மனுஷிதான் சார். எனக்கு அழுகையாக வருகிறது.

ஷரீஃபா

எலப்புள்ளி
8.8.2025

அக்கா,

என் கடிதம் முட்டாள்தனம் என்று மேலிடத்தில் நேரில் போய் எழுதிக் கொடுத்தேன். ஆள் எதற்கு என்று காரணம் கேட்டார்கள். "வேல ஜாஸ்தின்னு போடுங்க சார்" என்றார் லோகேஷ். 'ஷரீஃபாவை மதிக்காமல் போகவிட்டது என் தவறு' என்று போட்டேன். அதிகாரி அதை இரண்டு தடவை படித்து, உரக்கச் சிரித்து, கையெழுத்தும் போட்டுவிட்டார். வரும் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, நீங்கள் இங்கே சேர வேண்டும்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருமுன் ஜப்பார் பாய் வந்திருப்பார். செய்தி கேட்டதும் கடையை அடைத்துவிட்டு, உங்கள் பெட்டியைத் தூக்க பஸ் ஏறிவிட்டார்.

தனபால்