காற்று வரும் ஓட்டையில் கம்பளிக் காலுறை

நோவிசாத்
ஞாயிறு மாலை

அன்புள்ள துன்யா,

இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி பாவ்லேயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லிவிட்டு, அரை மணி கழித்து அம்மாவைக் கூப்பிட்டுத் தலைவலி என்பாய். அதனால்தான் போனை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். போனில் நான் கத்துகிறேன், நீ "சரிப்பா சரிப்பா" என்கிறாய், இரண்டு பேருக்கும் ஒன்றும் ஏறுவதில்லை. இந்தப் பொட்டலம் நாளைக் காலைப் பேருந்தில் ஓட்டுநர் கையில் வருகிறது, சாயங்காலம் உங்கள் ஊர் நோவா வரோஷ் நிலையத்தில் மாப்பிள்ளை ஒப்ரென் நின்று வாங்கிக்கொள்ளட்டும். உள்ளே மேலாக இருப்பது அம்மா அனுப்பிய மிளகாய் ஊறுகாய்ப் புட்டிகள். அதற்குக் கீழே இருப்பதுதான் முக்கியம், புட்டியைத் திறந்த சந்தோஷத்தில் அதை மூலையில் போட்டுவிடாதே.

நேற்று ஆஸ்பத்திரியில் உனக்கும் குட்டி லாசருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னார்களாம், அதைக் கேட்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பிள்ளை ரொம்ப சமத்தாகத் தூங்குகிறான் என்று இந்த வாரம் முழுக்க நீ சொன்னாயே, எட்டு மாதக் குழந்தை அப்படித் தூங்காது, நீ அந்த வயதில் இந்தக் கட்டிடத்தையே தூங்கவிடவில்லை. அடுப்பு சரியாக எரியாதபோது வரும் வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகை தெரிந்தால்தான் ஆபத்து என்று ஒப்ரென் நினைக்கிறான், புகையாவது கண்ணைக் கரித்து எழுப்பிவிடும், இது இன்னும் ஆழமாகத் தூங்க வைக்கும்.

உன் புருஷன் கெட்டிக்காரன்தான், ஆனால் மரத்தூள் குச்சிகளை மின்சாரத்தில் ஊட்டி எரிக்கிற பெல்லட் அடுப்பை விறகு அடுப்பு என்று நினைத்துப் பொருத்தினான். புகைக்குழாயை நேராகச் சுவர் வழியே மேற்குப் பக்கம் நீட்டி விட்டுவிட்டு, "உள்ள விசிறி இருக்குல்ல மாமா, அது தள்ளிடும்" என்றான். மலைக்காற்று எதிரே வந்து தள்ளும்போது அந்தச் சின்ன விசிறி என்ன செய்யும்? பனியில் மின்சாரம் போனால் அந்த விசிறியும் நின்றுவிடும், அப்போது புகை வீட்டுக்குள்தான் திரும்பும். அதனால்தான் வெளியே குழாயை நிமிர்த்திக் கூரைக்கு மேலே ஏற்றச் சொன்னேன், ஏற்றினான், அடுப்புக் கதவின் கண்ணாடி ஒரு வாரம் சுத்தமாக இருந்தது. மறுபடியும் கறுத்தது. தீ நீளமாக, செம்மஞ்சளாக, சோம்பலாக நக்கிக்கொண்டிருக்கிறது, அடுப்புக் கிண்ணத்தில் எரியாத குச்சிகள் குவிகின்றன என்று ஒப்ரென் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, புகை போகிற வழியில் குறை இல்லை, காற்று வருகிற வழியில்தான். அடுப்பின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். அடுப்புக்குக் காற்று வர நான் சுவரில் போடச் சொன்ன ஓட்டைக்குள் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, கார்க் மாதிரி இறுக்கமாக.

உடனே கூப்பிட்டேன், எடுத்தது உன் மாமியார். ஓட்டையை யார் அடைத்தது என்று கேட்டேன். "நான்தான் அடைச்சேன், வேற யாரு அடைப்பா? குறுக்குக் காத்து நேரா தொட்டில் மேல அடிக்குது, பிள்ளைக்குக் காது வலி வந்தா நீயா வந்து ராத்திரி முழுக்கத் தூக்கிட்டு நடப்ப?" என்றார். ஜூலை வெயில் கொளுத்தும்போதும், குறுக்குக் காற்று பட்டால் நோய் வரும் என்று பேருந்தில் இரண்டு ஜன்னலைச் சேர்த்துத் திறக்கவிடாத ஜனங்கள்தானே நாம், உன் அம்மாவும் அப்படித்தான், அதனால் அதற்குமேல் நான் ஆச்சரியப்படவில்லை. வீடு முழுக்கப் புது பிளாஸ்டிக் ஜன்னல், கதவடியில் துணி, ஓட்டையில் காலுறை, அப்புறம் அடுப்பு எதைச் சுவாசிக்கும் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. "முப்பத்தொன்பது வயசுல தாத்தா ஆயிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா தம்பி? உன் அடுப்புக்கு மூச்சு முட்டுச்சுன்னா அது மூக்க வெளிய நீட்டிக்கட்டும், என் பேரன் முதுகு வழியாவா மூச்சு விடணும்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஒப்ரெனைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொல்லி, உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் அவர் சொன்னதை யோசித்தேன்.

யோசித்தால், அடுப்பின் மூக்கை வெளியே நீட்டுவது, அதைத்தான் செய்ய வேண்டும். அடுப்பின் பின்னால் கீழே, புகைக்குழாய்க்குப் பக்கத்தில், இன்னொரு சின்ன வாய் இருக்கிறது. பொட்டலத்தில் இருக்கிற வளையும் அலுமினியக் குழாயை அதில் மாட்டி, மறுமுனையைச் சுவர் ஓட்டை வழியே வெளியே விட வேண்டும். சுற்றியுள்ள இடைவெளியை ஒப்ரென் நன்றாகப் பூசிவிடட்டும். வெளிமுனையில் வலை போட்டு வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, பனி குவியாத உயரத்தில் வைக்கட்டும். காற்று நேராக அடுப்புக்குள் போகும், அறையில் ஒரு துளி குளிர் இறங்காது, அடைக்க ஓட்டையும் இருக்காது. புகைக்குழாயின் இணைப்புகளிலும், அடுப்புக் கதவை இறுக்கி மூட விளிம்பில் ஒட்டியிருக்கும் கயிற்றிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்கட்டும், கயிறு புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன். அடுப்பு எரியும்போது சமையலறைப் புகைவிசிறியைப் போடாதீர்கள், அதுவும் இழுக்கும். தீ குட்டையாக, வெளிர் மஞ்சளாகத் துள்ளினால் சரி, அதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் தொட்டில் அந்த அறைக்கு வரலாம். பொட்டலத்தில் இருக்கிற வெள்ளைப் பெட்டி, அந்த வாயு வந்தால் அலறும் மணி, தொட்டில் பக்கத்துச் சுவரில் மாட்டு, பொத்தானை அழுத்தினால் காது கிழியும், கிழிய வேண்டும். டிவி ரிமோட்டுக்குப் பேட்டரி இல்லை என்று யாராவது அதிலிருந்து கழற்றினால் நான் அடுத்த பேருந்திலேயே ஏறிவிடுவேன்.

பாவ்லே மறுபடி கணக்கில் தோற்றுவிட்டான், அம்மாவுக்கு வேலை நேரம் மாறிவிட்டது, எல்லாம் பிறகு சொல்கிறேன், எனக்கு இப்போது வேறு எதுவும் ஓடவில்லை. அங்கே இன்று ராத்திரி கடுங்குளிர் என்கிறார்கள். எல்லோரும் சமையலறை விறகு அடுப்பருகே நெருக்கிப் படுத்திருப்பீர்கள், யாராவது ஒருவர் "ஒரே ஒரு ராத்திரிதானே, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுட்டு பெல்லட் அடுப்பைப் பத்த வெச்சுக்கலாம்" என்பார். அனேகமாக ஒப்ரென், பிறகு அரை மணியில் உன் மாமியார் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். துன்யா, நீ அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பெரியவர்களை எதிர்த்துப் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். பேசாதே. பெல்லட் அடுப்பின் மின்கம்பியைப் பிடுங்கி உன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படு. கேட்டால் அப்பா சொன்னார், அவர் முரடன், கேட்காவிட்டால் வந்து ஊரைக் கூட்டுவார் என்று சொல். பழி முழுக்க என் மேல் போடு. உன் மாமியார் என்னோடு பத்து வருடம் பேசாமல் இருக்கட்டும், எனக்கு வருத்தமே இல்லை, காலையில் எல்லோரும் எழுந்திருந்து என்னைத் திட்டினால் போதும்.

உனக்கும் ஒப்ரெனுக்கும் லாசருக்கும், உன் மாமியாருக்கும்தான், எங்கள் ஆசீர்வாதம். கம்பியைப் பிடுங்கிவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பு. இது நாளைதான் உன் கைக்கு வரும் என்று இப்போதுதான் உறைக்கிறது. போனை எடுக்கிறேன், கத்தமாட்டேன்.

உன் அப்பா
திராகிஷா