சாம்பிராணி கொளுத்தாத பின்னேரம்

ஜூலை 7, திங்கள்

விடியவே வெக்கை. பல்கனிக் கதவைத் திறந்தால் காற்று இல்லை, ஹைவே இரைச்சல் மட்டும். வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில் றோல்ஸ் சுற்றச் சுற்ற வியர்வை கண்ணுக்குள். மூன்று மணிக்கு வீடு.

பெட்டி வந்துவிட்டது. எங்கள் தளத்து ஐவிதான் பேராசிரியர் மார்வாவைக் கூட்டி வந்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவில் வெள்ளையாக ஒன்று. காற்றை அளக்குமாம். பச்சை நல்லது, மஞ்சள் இடைநடு, சிவப்பு கூடாது. ஹோலில் ஜன்னலோரம், என் கணவருடைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அங்கேதான் பிளக் சும்மா இருந்தது.

மார்வாவும் ஐவியைப் போலக் கறுப்பினப் பெண். யுனிவர்சிற்றியில் படிப்பிக்கிறார். இப்படி ஒரு கட்டடத்தில்தான் வளர்ந்தாராம். ஹைவேக்கும் லொறிகள் வந்து நிற்கிற யாட்டுக்கும் பக்கத்தில் ஏன் எப்போதும் கறுப்பினச் சனங்களும் எங்களைப் போல வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், அந்தப் புகை அவர்களுடைய நெஞ்சுக்குள் என்ன செய்கிறது, இதுதான் அவருடைய ஆராய்ச்சி. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற யாட்டை இன்னும் பெரிதாக்கப் போகிறார்கள். அதைப் பற்றிச் சனங்களைக் கேட்க நகரசபை வைக்கிற கூட்டம் 19ஆம் திகதி. என் வீடு யாட்டுக்கு நேர் மேலே. அதனால் என் பெட்டிதான் முக்கியமாம். பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல.

கேள்விகள் கேட்டார். வீட்டில் சிகரெட்? இல்லை. வேறு ஏதாவது எரிப்பீர்களா? இல்லை, மீன் பொரிப்பது மட்டும்.

ஐவியும் நானும் பத்து வருடத்துக்கு மேலாக ஒரே தளம். இன்றைக்குத்தான் முதல் தடவையாக என் வீட்டுக்குள் காலடி வைத்தார். லிஃப்டில் ஒரு 'ஹாய்', அவ்வளவுதான் இவ்வளவு நாளும். வெட்கம்.

வாங்க: தேங்காய்ப்பால், வெண்டிக்காய், கப் சாம்பிராணி (முடியப் போகிறது), பல்ப்.

ஜூலை 8, செவ்வாய்

பின்னேரம், அவர் வேலையால் வருகிற நேரம். வழமைபோல படத்துக்கு விளக்கு, சாம்பிராணி. பக்கத்தில் அவருக்கு ஒரு தேத்தண்ணி. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறக்கிறேன், பெட்டி சிவப்பு.

காலையிலிருந்து பச்சையாக நின்றது. ஒன்றும் பொரிக்கவில்லை. அடுப்பே மூட்டவில்லை, தேத்தண்ணிகூடக் கரண்ட் கேத்திலில்தான்.

அந்த நேரத்தில்தான் லிஃப்ட் சத்தம் கேட்கும், திறப்பு கிலுங்கும், பிறகு இருமல். இருமலைக் கேட்டுத்தான் தேத்தண்ணிக்குச் சீனி போடுவேன். அவர் கண்ணை மூடி எட்டு மாதமாகிவிட்டது. இன்றைக்குக் கை தானாகச் சீனிப் போத்தலுக்குப் போனது.

பயம் இல்லை. பயம் இல்லை என்று எழுதுவதே பயம்தானோ.

ஜூலை 9, புதன்

திரும்பவும் சிவப்பு. அதே நேரம்.

"வந்திட்டியளா?" என்று கேட்டே விட்டேன், சத்தமாக. பதில் வரும் என்று ஒரு நிமிடம் காத்துக்கொண்டு இருந்தேன், விசரி.

மகளுக்குப் போன் எடுத்தேன். மார்க்கம் நகரத்தில் இருக்கிறாள், பெரிய கொம்பனி வேலை. மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"அம்மா, அது ஜஸ்ட் எ சென்சர். அது அப்பா இல்லை. ப்ளீஸ் எங்களோட வந்து இருங்கோ."

"உங்கட வீட்ட வந்தா அவர் எங்க வாறது?"

அவள் அழத் தொடங்கிவிட்டாள். நான் வெண்டிக்காய் விலையைப் பற்றிப் பேசிச் சமாளித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

இரவெல்லாம் மழை, வெக்கை மட்டும் குறையவில்லை. நேற்றும் சிவப்பு. இன்றைக்கு வேலையில் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தேன், புதுப்பெண் மாதிரி. முதலாளி கேட்கிறான், "என்ன அன்ரி, ஆரும் பாத்துக்கொண்டு நிக்கினமோ?" ஓம் என்று வாய் வரைக்கும் வந்தது.

கோவிலுக்குப் போகவில்லை. பஸ் பிந்தினால் அந்த நேரம் தவறிவிடும்.

ஜூலை 13, ஞாயிறு

மார்வாவும் ஐவியும் வந்தார்கள். மார்வா போனில் படம் காட்டினார். நாள் முழுக்கத் தட்டையாகப் போகிற கோடு, பின்னேரத்தில் மலைபோல எழும்புகிறது. மார்வாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. லொறிகள் யாட்டுக்குத் திரும்புகிற நேரம் அதுதான், இஞ்சினை நிற்பாட்டாமல் வரிசையில் நிற்கும், இதைவிட வேறு என்ன ஆதாரம் என்றார்.

அப்போதுதான் ஐவி மூக்கைச் சுருக்கி, "நல்ல வாசம், எங்கட சேர்ச்சில மாதிரி" என்றார்.

மார்வா திரும்பி, படத்துக்கு முன்னால் கிடந்த கப் சாம்பிராணியின் சாம்பலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

இதை எப்போது கொளுத்துவீர்கள் என்று கேட்டார். பின்னேரம் என்றேன். ஒவ்வொரு நாளுமா? ஒவ்வொரு நாளும். ஏதாவது எரிப்பீர்களா என்று கேட்டேனே? அது எரிப்பது இல்லை, சாமிக்குப் போடுவது.

என்ன பதில். ஆனால் அப்போது எனக்கு அது உண்மையாகத்தான் பட்டது. சாம்பிராணியைப் புகை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

நிறுத்தச் சொல்வாரோ என்று அவருடைய வாயையே பார்த்தேன். சொல்லவில்லை. "நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் வீட்டு அளவை விட்டுவிட்டுக் கூட்டத்தில் பேசுகிறேன்" என்றார். பெட்டி வைத்த மற்ற வீடுகள் யாட்டிலிருந்து தள்ளி இருக்கின்றன, அங்கே கோடு அவ்வளவு எழும்பவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

மார்வா போன பிறகு ஐவி இருந்தார். அவருடைய மகன் ட்றெவரைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதிலேயே இழுப்பு. ஜன்னல் விளிம்பில் படிகிற கறுப்புத் தூசியை வெள்ளைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கொண்டுபோய் ஒவ்வொரு ஒஃபீசிலும் காட்டினாராம். உன் சமையல், உன் கார்ப்பெட், உன் வீட்டில் யாரோ சிகரெட் குடிக்கிறார்கள், இவைதான் பதில். ட்றெவரின் உயிர் போய் இரண்டு குளிர்காலம். அவன் மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இன்னும் குசினியில் தொங்குகிறது.

என் கணவருக்கு நெஞ்சில் வருத்தம் வந்தபோதும் அப்படித்தான் கேட்டார்கள். சிகரெட்டைக் கையால் தொடாத மனிதர். எத்தனை வருடம் புகைத்தீர்கள் என்று ஒவ்வொரு டொக்ரரும். கடைசியில் அவரே என்னிடம், "நான் எப்பவாவது பத்தினனோ? நீயாவது சொல்லப்பா" என்றார்.

இப்போது ஐவியிடம் சொல்லப் போகிறார்கள்: அது அந்த இலங்கைக்காரியின் சாம்பிராணி.

ஜூலை 14, திங்கள்

கோபம். ஆர் மீது என்று தெரியாத கோபம். ஒரு துண்டு சாம்பிராணியும் அத்தனை லொறியும் ஒன்றா?

கொளுத்தினேன். சிவப்பு. கும்பிட மனம் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

றோல்ஸ் சுற்றிக்கொண்டே யோசனை. கொளுத்தாமல் விட்டுப் பார்த்தால் என்ன. சிவப்பு வராவிட்டால் எல்லாம் என் சாம்பிராணிதான். ஐவி தோற்றார். என்னவர் வந்ததும் இல்லை. சிவப்பு வந்தால் அது லொறிப் புகை, ஐவி சொன்னது சரி. அப்போதும் என்னவர் வந்ததில்லை.

எந்தப் பக்கம் பார்த்தாலும் அவரை இழப்பது நான்தான். கொளுத்திக்கொண்டே இருந்தால் மட்டும்தான் அவர் வருவார்.

மத்தியானம் சாப்பிடவில்லை. மகள் போன், எடுக்கவில்லை. பின்னேரம் கொளுத்தினேன். மன்னித்துக்கொள்ளுங்கோ ஐவி.

ஜூலை 16, புதன்

விடியப்புறம் இருமல் கேட்டு எழும்பினேன். நான்தான் இருமியிருக்கிறேன்.

அதோடு யோசனை முடிந்தது. ஐவியின் கதவைத் தட்டினேன். நாளைக்குக் கொளுத்த மாட்டேன், நீங்கள் வந்து பக்கத்தில் இருக்கவேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்ன கொண்டுவர என்றுதான் கேட்டார்.

மார்வாவுக்கும் சொல்லியாயிற்று. ஜன்னல் வழமைபோலத் திறந்திருக்கட்டும், அடுப்பு மட்டும் வேண்டாம், மற்ற நாட்களில் கொளுத்தியதையும் மறைக்காமல் எழுதுவேன் என்றார். பிறகு குரல் மாறி, "கஷ்டம் என்று தெரியும், மாலா" என்றார். முதல் தடவை பெயர் சொல்லி.

ஜூலை 17, வியாழன்

விளக்கு இல்லை. சாம்பிராணி இல்லை. தேத்தண்ணியை மத்தியானமே ஊற்றி வைத்துவிட்டேன், ஆறிப்போனாலும் பரவாயில்லை. படத்தைப் பார்க்க முடியவில்லை. பசியோடு ஒருவரை வாசலில் நிற்பாட்டி வைத்த மாதிரி.

ஐவி பன் கொண்டு வந்தார். இரண்டு பேரும் சோபாவில். கண் பெட்டியில். பச்சை. வெயில் சுவரிலிருந்து இறங்கி நிலத்துக்கு வந்தது. பச்சை. கொளுத்தாதபடியால் கோபித்துக்கொண்டு வராமல் விட்டாரோ என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு சந்தோசம்கூட வந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிறகு மஞ்சள். ஐவி என் கையைப் பிடித்தார்.

சிவப்பு.

அவர் வேலையால் வருகிற அதே நேரம். எழும்பி ஜன்னலுக்குப் போனேன். கீழே லொறிகள், ஒன்றன்பின் ஒன்றாக, மூக்கை யாட்டுக்குள் விட்டுக்கொண்டு. இஞ்சின் ஒன்றும் நிற்கவில்லை. இந்தப் பல்கனியில்தான் அவர் கதிரையைப் போட்டு, தேத்தண்ணியோடு, ஒவ்வொரு பின்னேரமும். காற்று வாங்குகிறேன் என்பார்.

ஐவி கை தட்டவில்லை. அழுதார், ட்றெவர் ட்றெவர் என்று. எனக்கு அழுகை வரவில்லை.

கொஞ்ச நேரத்தால் படத்துக்கு முன்னால் இருந்த கோப்பையைக் காட்டி, அது ஆருக்கு என்று கேட்டார்.

"லொறிக்கு" என்றேன். இவ்வளவு நாளும் வந்திட்டியளா என்று கேட்டுக் கேட்டு அதைத்தான் உள்ளே கூப்பிட்டிருக்கிறேன்.

ஜூலை 19, சனி

மழைத் தூறல். கூட்டம் பத்து மணிக்கு. நேற்றும் கொளுத்தவில்லை, நேற்றும் சிவப்பு. மகள் காரில் வாறாள். முதலில் ஐவி, பிறகு நான், கடைசியில் மார்வா தன்னுடைய கோடுகளோடு. சாம்பிராணியைப் பற்றி நானே சொல்லப்போறன். அவர்கள் கேட்கும் முன்.

நீலச் சேலை. அவருடைய படம் பையில், துவாயில் சுற்றி.

எவ்வளவு நேரம் இழுக்குமோ தெரியாது. பின்னேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று இப்பவும் மனம் அடித்துக்கொள்கிறது.