இரண்டு பேருக்கும் ஒரே மருந்து

அக்கா,

இன்று காலை மா டின்னை எடுத்தபோது அதன் பின்னாலிருந்து ஒரு மருந்துப் பை விழுந்தது. வெறும் பைதான், மடிப்பில் கொஞ்சம் மண்ணிறத் தூள் ஒட்டியிருந்தது. வேரை இடித்ததுபோன்ற அந்தக் கசப்பு மணம். நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிறது. அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த வருடம் ஊரில் நின்ற என் மனுசனிடமிருந்து கடிதம் நின்றுபோனது. அப்பா கொழும்பில் நிற்கிறார், விசாப் பேப்பர் சரிவந்ததும் வருவார் என்று மகளிடம் சொல்லிவைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை. அந்த மாதமே தலைமயிரைப் பிடுங்கத் தொடங்கினாள். உச்சியில் உள்ளங்கை அளவுக்கு வெறுந்தோல். வெள்ளைக்காரச் சினோரா அம்மாவின் வீட்டு வேலைக்கு ஓடுமுன் அவள் தலையணையில் கிடக்கும் மயிரைப் பொறுக்குவதே என் முதல் வேலை. அதட்டினேன், அடித்தேன், கைகளில் காலுறை மாட்டிக் கட்டினேன். பிள்ளைகளின் வைத்தியர் தோலில் ஒன்றுமில்லை என்றார். இந்த அந்நிய நகரத்தில், நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாப் பகுதியில், சொல்லி அழ எனக்கு உங்களைத் தவிர யாருமில்லை.

நீங்கள் வேலை செய்த வீட்டு ஜப்பான்காரப் பெண்மணி தன் நாட்டில் டாக்டராக இருந்தவர். அவரிடம் கேட்டுவிட்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தீர்கள்.

"இது கெட்ட பழக்கமில்லையாம், வருத்தமாம், ஒரு நோயாம். பிள்ளை வேணுமெண்டு செய்யேல்லை. அடிச்சு நிப்பாட்டேலாது. அங்கை சில டொக்டர்மார் இதுக்குப் பழைய மூலிகை மருந்தும் குடுக்கிறவையாம். உள்ளுக்கை அடக்கி வைச்ச கோவத்துக்கு வந்த மருந்து."

அவர் கொடுத்துவிட்ட மருந்துப் பைகளை இரண்டு குவியலாகப் பிரித்தீர்கள்.

"இது உனக்கு. தாயும் பிள்ளையும் சேர்ந்து குடிக்கிறதுதான் அவையின்ரை வழக்கமாம்."

"எனக்கென்ன? எனக்குப் பைத்தியம் எண்டு அவவிட்டைச் சொன்னனீங்களோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அவதான் கேட்டவ, தாய் நித்திரை கொள்ளுறவவோ எண்டு."

கதவைத் திறந்து காட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். பைகளை எறியவும் மனமில்லை, கொடுக்கவும் மனமில்லை, அலுமாரியில் போட்டேன். பிறகு பல்லாரோ சந்தையில் உங்களைக் கண்டால் மீன்கடைப் பக்கம் திரும்பிவிடுவேன். ஒருமுறை நீங்கள் கை காட்டினீர்கள். நான் விலை கேட்பதுபோல் நின்றேன். அவ்வளவு திமிர் எனக்கு. உங்கள் வயிற்றில் கட்டி என்று கேள்விப்பட்டும், நாளைக்குப் போவோம் என்று இருந்துவிட்டேன்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பின்னேரம் இரண்டு கோப்பைகளில் அந்த மருந்தைக் கரைத்தேன். நான் முகம் சுளித்துக் குடிப்பதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்களுக்கு எங்கை நோகுது?"

கோப்பையைக் கீழே வைத்தேன். அவளே கேட்டாள்.

"அப்பா கொழும்பிலை இல்லைத்தானே?"

"தெரியாது பிள்ளை. எனக்கு ஒண்டும் தெரியாது."

அவள் என் மடியில் தலை வைத்தாள். அந்த வெறுந்தோலை அன்றுதான் முதன்முதலாகத் தடவினேன்.

மருந்து முடிந்துவிட்டது, அக்கா. மயிர் கொஞ்சம் வளரும். ஒரே கிழமையில் பிடுங்கிவிடுவாள். அவரைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அவள் கை உச்சிக்குப் போகும்போது மட்டும் இப்போது நான் அதைத் தட்டிவிடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் பயமாக் கிடக்கு" என்கிறேன்.