டர்பைன் காரும் நாலு தேசிக்காயும்

லாசால்,
ஞாயிறு காலை

என் கோபக்கார மனைவிக்கு,

அறுபதுகளில் பெரிய கொம்பனிகளே செய்து பார்த்துக் கைவிட்ட டர்பைன் கார், நான் கட்டியது, இன்று எங்கள் கராஜிலிருந்து சொந்த எஞ்சினில் வெளியே ஓடியது! மண்ணெண்ணெய் போதவில்லை. எந்த எண்ணெயிலும் ஓடும் எஞ்சின்தானே என்று, நீர் சமையலறையில் விட்டுப்போன நல்லெண்ணெயையும் ஊற்றினேன். தெரு முழுக்க உமது சமையல் வாசம். எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்கார அம்மா "பிராவோ, மிஸ்யூ!" என்று கைதட்டினார்.

ரொறன்ரோவுக்கு, மகள் வீட்டுக்கு நீர் புறப்பட்ட அன்று, நான் காரின் நாலு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைப்பதைப் பார்த்து நீர் சொன்னது நினைவிருக்கிறதா?

"முதல்ல உது ஒரு தேசிக்காயையாவது நசிக்கட்டும். பேந்து கதைப்பம்."

பதினொரு மாதமாக, வாடியதை எடுத்துப் புதிது வைத்துக்கொண்டே இருந்தேன். இன்று நாலும் நசிந்தன.

இனிக் கதைப்பமா?

உமது மனுசன்