தட்டைத் துடைக்கக் குனிந்த நேரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் இடது கணுக்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டாலும் போனில் சுகம் என்றுதான் சொல்வாய், பெற்றவளுக்குத் தெரியாதா.

கணுக்கால் கதையை முதலில் கேள். குளியலறையில் சோப்பை மிதித்து வழுக்கி விழுந்தார், ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. அதனால் அவர் நிற்க வேண்டிய பன்னிரண்டு வயதுப் பெண்களின் சாஃப்ட்பால் போட்டிக்கு அம்பயர் இல்லாமல் போயிற்று. சங்கத்துச் செயலாளர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் கட்டுப்போட்ட காலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இத்தனை வருஷமா வேலிக்கு வெளிய நின்னு எல்லா அம்பயரையும் திருத்தினீங்களே, கொஞ்சம் உள்ள வந்து நில்லுங்களேன்" என்றார். என் வாய் இருக்கிறதே, யோசிக்கும் முன்னே சரி என்று சொல்லிவிட்டது. நீ விளையாடின காலத்தில் நான் திட்டாத அம்பயர் உண்டா, கட்டின புருஷனையே விட்டு வைக்கவில்லை. இப்போது அதே மாதிரி ஒரு அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி மாத்துங்கக்கா என்று என்னைப் பார்த்துக் கத்துகிறாள். நல்ல குரல் அவளுக்கு. உள்ளே நின்றால்தான் தெரிகிறது, அடிக்கிறவளின் முட்டிக்கும் அக்குளுக்கும் நடுவே பந்து வந்தால் அது சரியான பந்து, ஸ்ட்ரைக் என்கிறார்கள், ஆனால் ஒருத்தி கொக்கு மாதிரி நெட்டை, அடுத்தவள் என் இடுப்புக்குக்கூட வரவில்லை, ஒவ்வொருத்திக்கும் அளவெடுத்துத் தைக்க வேண்டியிருக்கிறது. முகத்துக்கு ஒரு கம்பிக் கூண்டு வேறு, மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை. உன் அப்பா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "குரல் நடுங்கினா மைதானமே உன் தலையில ஏறி உக்காந்துக்கும், சட்டுனு சொல்லிடு" என்று பாடம் நடத்துவார்.

இனிமேல்தான் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட்டம். பேக்கரிக்காரர் கோச்சாக இருக்கிற அணி ஒரு ஓட்டம் பின்னால் இருந்தது, கடைசி வாய்ப்பு. அவர்களுடைய சுண்டெலி என்கிற பெண் மூன்றாம் முனையில் நின்றாள். கூட்டாளி அடித்த பந்து தள்ளி உருண்டு போனதும், ஓட்டத்தைச் சமன் செய்ய என்னை நோக்கி ஓடி வருகிறாள். அவள் வந்து சேர வேண்டிய வெள்ளைத் தட்டு என் காலடியில் இருக்கிறது, அது முழுக்க மண். பதினெட்டு வருஷமாக விடுதி அறைகளைக் கூட்டித் துடைக்கிற கை அல்லவா இது, ஆள் வருகிறது, இடம் அழுக்காக இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. பையிலிருந்த சின்னத் தூரிகையை எடுத்துக் குனிந்து தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது துடைக்கக் கூடாதென்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. தூக்கிவாரிப்போட்டு நான் பின்னால் விலகி நிமிரும்போது ஒரே புழுதி, சுண்டெலி சறுக்கித் தட்டின் மேல் கிடக்கிறாள், தடுப்பவளின் கையுறைக்குள் பந்து. அது இவள் மேல் பட்டதா, பட்டிருந்தால் தட்டைத் தொடும் முன்னாலா பின்னாலா, முன்னால் என்றால்தானே அவுட், சத்தியமாக நான் பார்க்கவில்லை. அவுட் என்று கத்திவிட்டேன். குரல் நடுங்கவில்லை. சுண்டெலியின் அணி போட்டியை விட்டே வெளியே போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், நான் கூர்ந்து பார்க்கத்தான் அப்படிக் குனிந்தேன் என்று ஜெயித்தவர்கள் நினைத்துவிட்டார்கள். மண்ணோடு மண்ணாகக் குனிந்து பார்த்தார் என்று செயலாளர் வந்து உன் அப்பாவிடம் புகழ, கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத பெருமையை அன்றைக்கு அந்த முகத்தில் பார்த்தேன். நான் டீ போடப் போய்விட்டேன். ஆனால் சுண்டெலி அவுட்டே இல்லை என்று பேக்கரிக்காரர் புகார் கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் தரச் சொல்லி எனக்கு ஒரு படிவம் வந்தது, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டு, கீழே எழுதுவதற்குப் பத்துக் கோடு. தூக்கம் பிடிக்கவில்லை. வேலை முடிந்து வருகிற வழியில்தான் சுண்டெலியின் வீடு, வாசல்படியில் உட்கார்ந்து முழங்கால் காயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல், "உன்ன அவுட்னு சொன்னேனே, நான் அதப் பாக்கவே இல்லடி" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆனா நான் அவுட்தான் ஆன்ட்டி, தட்டத் தொடுறதுக்கு முன்னாடியே கையுறை தோள்ல பட்டுடுச்சு" என்றாள். யார் கேட்டாலும் படவில்லை என்று சொல்லும்படி கோச் சொல்லியிருக்கிறாராம், நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள், டீமிலிருந்து எடுத்துவிடுவார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது சொல், நான் என்ன செய்வேன். பார்த்தேன் என்று எழுதினால் பொய், ஆனால் முடிவு சரி. பார்க்கவில்லை என்று எழுதினால் நிஜம், ஆனால் மறுபடி ஆடச் சொல்வார்கள், நியாயமாக ஜெயித்த பிள்ளைகள் தோற்றாலும் தோற்பார்கள். குழந்தை சொன்னதை எழுதினால் அவள் தலை உருளும். நாலு நாளாக விடுதியில் ஒரே அறைக்கு இரண்டு தரம் விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறேன், மேஸ்திரியம்மா உனக்குக் காதலா என்று கேட்கிறாள்.

என் கையெழுத்து லட்சணம் உனக்குத் தெரியும், வீட்டில் படிவம் நிரப்புகிறவர் உன் அப்பாதான். ஆகவே இன்று காலை அவர் முன்னால் உட்கார்ந்து, தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை, இதை மட்டும் எழுதுங்கள் என்றேன். சுண்டெலி பேச்சை எடுக்கவில்லை, அது அவள் சொல்ல வேண்டியது. பேனா நின்றது. திட்டப் போகிறார் என்று பார்த்தால், கட்டுக் காலைத் தடவிக்கொண்டே, "நம்ம பொண்ணு மேட்ச்சுல நானும் பாக்கல" என்றார். உன் பள்ளிக்கூடத்துக் கடைசி ஆட்டத்தில் உன்னை இரண்டாம் முனையில் அவுட் என்றாரே, அதைத்தான். கண்ணில் வெயில் அடித்ததாம். சொந்த மகளுக்குச் சாதகம் செய்தான் என்று ஊர் பேசக்கூடாதென்று கையைத் தூக்கிவிட்டாராம். நீ ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தாய், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, நான் சொன்னபடியே ஒரே வரி எழுதி, மீதி ஒன்பது கோட்டையும் அடித்துவிட்டார். எழுதியது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, உனக்கு விளங்கினால் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நினைத்ததெல்லாம் நடந்து நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் கொடுக்கிறேன், நீயாக எதையும் கேட்காதே, அந்த ஆட்டத்துப் பேச்சுக்கு அவர் சுற்றி வளைத்துத்தான் வருவார், அதுவரைக்கும் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா