குழாய்ச் சத்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள புரூப்காரிக்கு,

நான் நலம். நீ அங்கே உன் தனி அறையில் நலமாகத்தான் இருப்பாய். என்னை விட்டுப் போன பிறகு உனக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை என்று மகள் சொல்கிறாள். அம்மா தம்பி வீட்டோடு போய்விட்டாள். இங்கே நானும் நாலு சுவரும்தான்.

சிரிக்காமல் படி. கவிதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்பாய். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும்போது என்னென்னவோ தோன்றுகிறது. கண்டவர்கள் எழுதும் கவிதையையெல்லாம் அச்சகத்தில் உட்கார்ந்து திருத்துகிறாயே, கட்டினவன் எழுதியதையும் கொஞ்சம் பார்.

நிலவே, நீ என் நெஞ்சின் நிழலே,
நீயில்லா இரவெல்லாம் நெருப்பின் அழலே.

நீ வராவிட்டாலும் பதிலாவது வரட்டும்.

உன் லிஃப்டுக்காரன்

பிப்ரவரி 11

அன்புள்ள லிஃப்டுக்காரருக்கு,

சிரித்தேன். நிலவை நீங்கள் எப்போது பார்த்தீர்கள்? வேலை விட்டு வந்தால் கண் நேரே டிவிக்குத்தானே போகும்! நிழல், அழல் என்று ஓசை ஒத்துப்போனால் கவிதை ஆகிவிடாது. அப்படிப்பட்ட புத்தகங்கள்தான் என் கண்ணைக் கெடுத்தன. நம் வீட்டுக்குள் பார்த்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள். பார்த்ததோடு நிறுத்துங்கள், மூக்கைச் சிந்த வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் மேல் இப்போது அவ்வளவு கோபமில்லை. அத்தை பேசிய பேச்செல்லாம் உங்கள் காதில் விழவே இல்லை, அடுப்படியில் நடப்பது ஆம்பளைக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தெரியாமல் இருந்தவரிடம் எத்தனை நாள் முறுக்கிக்கொள்வது? கையிலிருக்கும் பாடநூல் வேலை முடியட்டும். வந்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

உங்கள் புரூப்காரி

பிப்ரவரி 20

என் அன்பு புரூப்காரிக்கு,

கடிதம் கண்டேன், தலைகால் புரியவில்லை. அடுப்படிக்கு வெள்ளை அடித்துவிட்டேன்.

நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நிலவு இல்லை, நெருப்பு இல்லை. என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரிஷியனிடம் வாசித்துக் காட்டினேன். "அண்ணே, எங்க வீட்டுல பாத்த மாதிரியே இருக்குண்ணே. நம்ம தொழிலாளர் சங்கத்து மலர்ல போட்டுரலாம்"னான். முதலில் நீ பார்.

சாப்பிடும்போது அம்மா சொன்னாள்,
"வக்கத்த வீட்டுல பொண்ணெடுத்தேன்."
அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.
குழாயை முழுக்கத் திறந்துவிட்டு
கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்,
அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று.
கேட்டது.
நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

எப்படி? இப்போது கவிஞன்தானே?

உன் லிஃப்டுக்காரன்

மார்ச் 1

கவிஞருக்கு,

கவிதை நன்றாக இருக்கிறது. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. சிவப்புப் பேனாவுடன்தான் உட்கார்ந்தேன், மூடியைக் கழற்றவே வேலை வரவில்லை.

அன்று குழாயைத் திறந்தது நினைவிருக்கிறது. டிவி சத்தம் கூடியதும் நினைவிருக்கிறது. நல்ல வேளை, மனுஷன் படத்தில் மூழ்கிக் கிடக்கிறார், ஒன்றும் கேட்டிருக்காது என்று உங்களுக்காக நிம்மதிப்பட்டேன். என்ன கூத்து பாருங்கள்! கேட்கவில்லை என்று நம்பித்தான் மன்னித்திருந்தேன். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவரை நான் என்ன செய்வது? இத்தனை வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் கேட்டது எலக்ட்ரிஷியன்.

என் அழுகையில் உங்களுக்கு ஒரு கவிதை கிடைத்துவிட்டது.

புரூப்காரி

மார்ச் 6

என் அன்புக்குரியவளுக்கு,

இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. பார்த்ததை எழுதச் சொன்னது நீதானே? சொன்னபடி எழுதினதற்கா இந்தப் பேச்சு?

சரி, விடு. கடைசி வரியை மாற்றிவிட்டேன்:

நான் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனேன்,
அவள் கையிலிருந்து தட்டை வாங்கினேன்.

பழையதுதான் நன்றாக இருக்கிறது என்கிறான் எலக்ட்ரிஷியன். அவன் கிடக்கிறான். எனக்கு நீ வந்தால் போதும். என்றைக்குப் பஸ் நிலையத்துக்கு வரட்டும்?

உன் லிஃப்டுக்காரன்

மார்ச் 13

வணக்கம்.

எலக்ட்ரிஷியன் சொல்வதுதான் சரி. பழைய வரியையே வையுங்கள். புது வரியில் எழுந்து வருகிறவரை நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒருவர் வந்து, தட்டை வாங்கக்கூட வேண்டாம், அடுப்படி வாசலில் சும்மா நின்றிருந்தால் போதும். இந்த அறைக்கு நான் வாடகை கொடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பாடநூல் வேலை முடிந்துவிட்டது. நான் வரவில்லை. மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எழுதுவதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு நன்றாக வருகிறது. எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா